தோலுக்கு அடியிலே காவல் நிற்போர்

(கிளைக் கூட்டமொன்றில் மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள். போனசைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். என்னை அழைத்தவர்களோ, "உடம்பைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் தோலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தோலில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். தோழர்களே, நம் பிழைப்பே தோலில்தான் இருக்கிறது. மரத்தின் தோலைச் சீவினால்தான் நமக்குச் சோறு. அந்தச் சோற்றுக்காக நம் சொந்தத் தோல் முள்ளிலும், கொசுக்கடியிலும், அட்டைக்கடியிலும், உளியின் முனையிலும், அமிலத்திலும் நாள்தோறும் அடிபடுகிறது. அந்தத் தோலுக்கு அடியிலே இரவு பகல் பாராமல் காவல் நிற்கும் ஒரு பட்டாளத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன்.

பட்டையும் தோலும்

பால்வெட்டுகிறவருக்குப் பட்டையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே இருப்பது செத்த பட்டை. அதைச் சீவினால் பால் வராது. உள்ளே போகப்போகத்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே ஓர் மெல்லிய வளர்படலம். அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்.

நம் தோலும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கிறது. வெளியே இருப்பது மேல்தோல். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அது தடித்திருக்கும். அதன் வெளிப்புறம் செத்த செதில்களால் ஆனது. அதில் இரத்தக் குழாய் கிடையாது. மேலோட்டமாக உராய்ந்தால் இரத்தம் வராததற்குக் காரணம் இதுவே.

அதற்கு அடியில் இருப்பது உள்தோல். ஒரு மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை கனம் உள்ளது. இதைத்தான் இணைப்புத் திசு என்கிறார்கள். நார்க் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இடையிலே கூழை ஊற்றி வைத்தாற்போன்ற அமைப்பு அது. அந்த நார்களுக்குக் கொலாஜன் என்று பெயர். மாட்டுத் தோலைப் பதனிட்டால் செருப்பாகிறதே, அந்தச் செருப்புத் தோல் பெரும்பாலும் இந்த நார்தான். இந்த நார்க்காட்டுக்குள்ளே இரத்தக் குழாய்களும், நரம்புகளும், வியர்வைச் சுரப்பிகளும் ஓடுகின்றன. அவற்றின் ஓரத்திலேதான் நமது காவல் உயிரணுக்கள் இருக்கின்றன. ரப்பர்க் காட்டில் நிரை நிரையாக ஆள் நிற்பதுபோல், இந்த நார்க்காட்டிலும் ஆங்காங்கே ஆள் நிற்கிறது. அவர்களில் நான்கு பேரை மட்டும் இன்று பார்ப்போம்.

முதலில் மணி அடிப்பவன்

முதலாமவன் பெயர் மாஸ்ட் அணு. 1877 ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் தொழிலின் கதை அங்கே தொடங்குகிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1878 இல், ஜெர்மனியில் பால் ஏர்லிக் என்ற 24 வயது மருத்துவ மாணவர், துணிக்குப் போடும் அனிலின் சாயத்தை உடம்பின் திசுக்களுக்குப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். இணைப்புத் திசுவில் சில உயிரணுக்கள் மட்டும் வயிறு முட்டத் தின்றவைபோல் மணி மணியான துகள்களால் நிரம்பியிருப்பதைக் கண்டார். அதனால் தீனி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு மாஸ்ட் அணு என்று பெயர் வைத்தார்.

அது தின்ற தீனியன்று. காவலன் கையில் இருக்கும் வெடிமருந்து! இதைக் கண்டுபிடிக்க இன்னும் 75 ஆண்டுகள் ஆயின. 1953 இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரைலி, வெஸ்ட் என்ற இருவர், அந்தத் துகள்களுக்குள் இருப்பது ஹிஸ்டமின் என்ற இரசாயனம் என்று நிலைநாட்டினார்கள்.

ஒரு கொசு கடிக்கிறது. என்ன நடக்கிறது? கொசுவின் எச்சில் உள்தோலுக்குள் இறங்குகிறது. அதற்கு ஏற்கெனவே பழகிப்போன மாஸ்ட் அணு தன் துகள்களைச் சில நொடிகளில் வெளியே கொட்டுகிறது. ஹிஸ்டமின் பட்டதும் பக்கத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவக்கிறது. குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, அதனால் தடிக்கிறது. நரம்பு நுனி தூண்டப்படுகிறது, அதனால் அரிக்கிறது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு ஆகிய மூன்றும் கொசு செய்த வேலையன்று. நம் காவலன் அடித்த மணியே. மணி அடித்த இடத்தில் குழாயின் கதவு திறந்தால்தானே இரத்தத்திலுள்ள சேனை வெளியே வந்து எதிரியைத் தாக்க முடியும்?

இன்னொரு செய்தி. 2006 இல் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சியில், மாஸ்ட் அணுக்கள் கொட்டும் நொதிகள் தேனீ விஷத்தையும் சில பாம்புகளின் விஷத்தையும் ஓரளவு சிதைத்துவிடுகின்றன என்று தெரியவந்தது. அதற்காகப் பாம்பு கடித்தால் வீட்டிலே உட்கார்ந்திருக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

விழுங்கும் பட்டாளம்

இரண்டாமவன் விழுங்கி அணு. மாக்ரோஃபேஜ் என்பது அவனுடைய விஞ்ஞானப் பெயர். "பெருந்தீனிக்காரன்" என்று பொருள். 1882 இல் மெச்னிக்காஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடிபோல் உடம்பு உள்ளது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அவர் ரோஜாச் செடியின் முள்ளை எடுத்து அந்தக் குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், உடம்பில் அலைந்து திரியும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்துக் கொண்டிருந்தன! நம் விரலில் முள் ஏறினால் வீங்குகிறதே, அதன் இரகசியம் அன்று விளங்கிற்று. அவரும் முன்னே சொன்ன ஏர்லிக்கும் 1908 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உளி கையில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் விழுங்கி அணுக்கள் முதலில் வேலையைத் தொடங்கும். சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படைபடையாக வந்து கிருமிகளை விழுங்கிச் செத்து மடியும். அந்தப் பிணக்குவியல்தான் சீழ். இரண்டொரு நாளில் இரத்தத்திலிருந்து மேலும் விழுங்கிகள் வந்து சேரும். அவை கிருமியை மட்டுமல்ல, செத்த வெள்ளணுக்களையும் சிதைந்த நாரையும் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்யும். பிறகு, புதிய நாரைப் பின்னும் உயிரணுக்களை அழைத்துப் புண்ணை ஆற்றும். போர்ச் சேவகனும் அவனே, தோட்டியும் அவனே, கொத்தனாரை அழைத்துவரும் கங்காணியும் அவனே!

நம் பாட்டிமார் கையில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோலமும் பெயரும் சாகும்வரை அழியாமல் இருந்தன. ஏன்? பச்சை குத்தும் ஊசி மையை உள்தோலில் இறக்குகிறது. விழுங்கி அணுக்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. மையைச் செரிக்க முடியவில்லை, துப்பவும் மனமில்லை. அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கின்றன. அந்த அணு செத்தால் மை வெளியே வரும். உடனே புதிதாக வந்த விழுங்கி அதை எடுத்து விழுங்கிக் கொள்ளும். 2018 இல் பிரான்சில் எலிகளை வைத்து இதை நிரூபித்தார்கள். ஆக, பாட்டியின் கையிலிருந்த கோலம், தலைமுறை தலைமுறையாக ஒரு விழுங்கி இன்னொரு விழுங்கியிடம் ஒப்படைத்துவந்த சொத்து!

தூது போகிறவனும் கணக்கு வைக்கிறவனும்

மூன்றாமவன் கிளை அணு. மரக்கிளைபோல் கைகளை நீட்டிக்கொண்டு இருப்பான். 1868 இல் லாங்கர்ஹான்ஸ் என்ற பெர்லின் மாணவர் மேல்தோலில் இவனுடைய இனத்தைச் சேர்ந்த ஒருவனை முதலில் கண்டார். அவன் செய்யும் வேலை என்ன என்பதை 1973 முதற்கொண்டு ஸ்டைன்மன் என்ற அறிஞரின் ஆராய்ச்சி விளக்கிற்று. 2011 இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவித்தார்கள். அவரோ மூன்று நாளுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டிருந்தார்.

கிளை அணு சண்டை போடுகிறவனல்ல, தூதன். நுழைந்த கிருமியில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாக அக்குளிலோ தொடை இடுக்கிலோ உள்ள நெறிக்கட்டுக்குப் போகிறான். அங்கே இருக்கும் டி அணுக்களிடம், "இதோ எதிரியின் அடையாளம்" என்று காட்டுகிறான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தத் தூதன் போய்ச் சேர்ந்து அங்கே படை பெருகுவதன் அறிகுறி.

நான்காமவன் அந்த டி அணு. இவனைத் தோலின் கிராணி என்று சொல்லலாம். பழைய கணக்கெல்லாம் இவன் பேரேட்டில் இருக்கும். ஒருமுறை கண்ட எதிரியை மறக்கமாட்டான். வளர்ந்த மனிதனின் தோலில் சுமார் 2,000 கோடி டி அணுக்கள் இருப்பதாக 2006 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. இரத்தத்தில் ஓடுவதைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு! குழந்தைக்குக் கையில் போடும் பி.சி.ஜி. ஊசியைத் தோலுக்குள்ளேயே மேலாகப் போடுவதற்குக் காரணம், இந்தத் தூதனும் கிராணியும் அங்கே காத்திருப்பதுதான். கையிலுள்ள அந்தச் சிறு தழும்பு, அவர்கள் பேரேட்டில் பதிந்துகொண்டதன் முத்திரை.

கோட்டைக்குள் எதிரி குடியேறினால்

விழுங்கிய கிருமி எல்லாம் செத்துவிடுமா? இல்லை. தொழுநோய்க் கிருமி பொல்லாதது. 1873 இல் நார்வே நாட்டில் ஹான்சன் கண்டுபிடித்த அந்தக் கிருமி, விழுங்கி அணுவின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. தோலிலுள்ள நரம்பையும் அரிக்கிறது. அதனால்தான் தோலில் வெளுத்த அல்லது சிவந்த படை தோன்றுகிறது; அந்த இடத்தில் தொட்டால் தெரிவதில்லை, சுட்டால் தெரிவதில்லை.

சுங்கை பூலோவில் 1930 இல் திறக்கப்பட்ட குடியிருப்பைப் பற்றிப் பெரியவர்கள் அறிவார்கள். நம் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பேர் குடும்பத்தைப் பிரிந்து அங்கே போனார்கள். இன்று அந்தப் பயம் தேவையில்லை. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் தீர்ந்துவிடும். மருந்தைத் தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். மறைத்து வைப்பதுதான் விரலைப் பறிக்கும். உணர்ச்சியற்ற படை எதுவாக இருந்தாலும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். அக்கம்பக்கத்தாரும் விலகி ஓடாமல் தைரியம் சொல்லுங்கள்.

காவலன் மிரண்டால்

இனி நம் தொழிலோடு நேரே தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். காவலன் நல்லவன்தான், ஆனால் சில சமயம் ஆளை மாற்றிக் கண்டு மிரண்டுவிடுவான்.

மரத்தைச் சீவினால் ஏன் பால் வடிகிறது? துரைக்காகவும் அல்ல, நமக்காகவும் அல்ல. தன் காயத்தை மூடிக்கொள்வதற்காக மரம் பாலை வடிக்கிறது. நூறு பங்கு பாலில் 30 முதல் 40 பங்கு ரப்பர். ஒன்றிரண்டு பங்கு புரதம். அந்தப் புரதங்களில் ஹெவீன் என்று ஒன்று உண்டு. காயத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதாவது, அது மரத்தின் காவலன்.

அந்த ஹெவீன், ரப்பர்க் கையுறையோடு ஒட்டிக்கொண்டு மனிதத் தோலுக்கு வருகிறது. சிலருடைய உடம்பு அதை எதிரி என்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி மாஸ்ட் அணுவின்மேல் பதித்து வைக்கிறது. இந்த எதிர்ப்பொருளை 1966, 1967 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்த ஜப்பானியத் தம்பதிகளும் சுவீடன் நாட்டு அறிஞர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அடுத்த முறை ரப்பர் பட்டவுடன் மாஸ்ட் அணு வெடிக்கிறது. மரத்தின் காவலனைக் கண்டு மனிதனின் காவலன் மிரளுகிறான்!

1979 இல் இங்கிலாந்தில் கையுறையால் தடிப்பு வந்த ஒரு பெண்ணைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளியாயிற்று. எயிட்ஸ் பயத்தால் கையுறை உபயோகம் பெருகிய பிறகு, தாதியரிடையே இது பெருகிற்று. உயிர்ச்சேதமும் ஏற்படவே, 1991 இல் அமெரிக்க அரசு மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. கையுறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பிற்று. 2017 முதல் மாவிட்ட மருத்துவக் கையுறைகளை அந்நாடு தடை செய்துவிட்டது. புரதத்தைக் கழுவிக் குறைத்த கையுறைகள் இன்று செய்யப்படுகின்றன. இந்த ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். அவற்றிலும் ஹெவீனைப் போன்ற புரதம் இருப்பதே காரணம்.

இன்னொரு வகை உண்டு. கையுறையையும் பூட்சையும் செய்யும்போது ரப்பரை வேகமாகப் பதப்படுத்தச் சில இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். அவற்றை எதிரியாகக் குறித்துக்கொள்பவன் மாஸ்ட் அணு அல்ல, நம் கிராணி டி அணு. இவன் உடனே கோபப்பட மாட்டான். ஃபைலைப் புரட்டிப் பார்த்து ஓரிரு நாள் கழித்துத்தான் நடவடிக்கை எடுப்பான். திங்கட்கிழமை போட்ட பூட்சுக்குப் புதன்கிழமை கால் வெடித்துக் கசியும். அதனால் பலர் காரணத்தைக் கண்டுபிடிப்பதில்லை. "சேற்றுப்புண்" என்று எண்ணி வருஷக்கணக்கில் களிம்பு தடவுகிறார்கள்.

அமோனியாவும் ஃபார்மிக் அமிலமும் வேறு சமாசாரம். அங்கே காவலன் குற்றவாளியல்ல. அமிலம் மேல்தோலையே எரிக்கிறது. வேலி எரிந்தால் மாடு உள்ளே வராமல் இருக்குமா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பாடம் கேட்டாயிற்று. பயன் என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன்.

காயம் பட்டால் முதலில் ஓடும் சுத்தமான நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், மண் வேண்டாம்; அவை காவலனுக்கு உதவியல்ல, எதிரிக்கு விருந்து. மண்ணிலுள்ள இசிவு நோய்க் கிருமியின் விஷத்தை விழுங்கிகளால் மட்டும் சமாளிக்க முடியாது. தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

அமிலம் பட்டால் அந்த நொடியே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குறைந்தது 20 நிமிஷம். ஸ்டோரில் அமிலம் இருக்கும் இடத்தில் குழாய் இருக்கிறதா என்று கிளைத் தலைவர்கள் பார்க்க வேண்டும். 1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தப் பொறுப்பை முதலாளியின்மேல் வைத்திருக்கிறது. அது தர்மமாகக் கேட்பதல்ல, உரிமையாகக் கேட்பது.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளணுவும் விழுங்கி அணுவும் மந்தமாகிவிடும். காலில் நரம்பும் மரத்துப்போகும். மற்றவருக்குப் பத்து நாளில் ஆறும் புண் இவருக்குப் பத்து வாரத்திலும் ஆறாது. இன்று நம் மக்களிடையே கால் இழப்போரில் பலர் உளியால் இழக்கவில்லை. கவனிக்காத சிறு கொப்புளத்தால் இழக்கிறார்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலை விளக்கில் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

தேனீயோ குளவியோ கொட்டி, கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் பயமில்லை. உடம்பெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால், உடம்பிலுள்ள மாஸ்ட் அணுக்கள் ஒரே சமயத்தில் வெடித்துவிட்டன என்று பொருள். அரிப்பு மாத்திரை அங்கே போதாது. அட்ரினலின் ஊசி வேண்டும். அது நிமிஷக் கணக்கு. பால் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாளியை வைத்துவிட்டு ஆளைத் தூக்குங்கள். சாதாரண அரிப்புக்கு மாத்திரை சாப்பிட்டவர்கள், தூக்கம் வரும் என்பதால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

கடைசியாகக் கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறு காயமாக இருந்தாலும் புத்தகத்தில் பதியுங்கள்; தேதியும் நேரமும் எழுதுங்கள். விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். வேலையால் வந்த தோல் நோய்க்கும் அங்கே விண்ணப்பம் செய்ய வழி உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தச் சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் தோலுக்கு அடியிலும் இதே பட்டாளந்தான் நிற்கிறது. டி அணு பேரேட்டில் பதியாவிட்டால் உடம்பு எதிரியை மறந்துவிடும். ஆபீஸ் புத்தகத்தில் பதியாவிட்டால் தோட்டம் காயத்தை மறந்துவிடும்.

மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுபவனையே நல்ல வெட்டுக்காரன் என்கிறோம். அந்தக் கவனத்தில் பாதியையாவது நம் தோலுக்கும் கொடுப்போம்.  கேள்வி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.